என்ஜின் தட்டும் சத்தத்தை அடக்கிய தாமஸ் மிட்ஜ்லி

கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சத்தம் நன்றாகத் தெரியும்.

காரில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வெயில் கொளுத்துகிறது. சென்னை ஜெமினி மேம்பாலத்தில் கார் ஏறுகிறது. டிரைவர் கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்துகிறார். உடனே என்ஜினுக்குள் இருந்து டக், டக், டக் என்று ஒரு சத்தம் வருகிறது. தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும்!

என்ஜின் தட்டுகிறது என்பார்கள். மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் நாக்கிங்.

100 ஆண்டுகளுக்கு முன், கார் கம்பெனிகளை எல்லாம் ஆட்டி வைத்தது இந்தச் சத்தம்தான். இதை அடக்குவதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார், ஒரு அமெரிக்கர். அவர் பெயர் தாமஸ் மிட்ஜ்லி.

அந்த மருந்து உலகம் முழுவதும் பரவியது. மயிலாப்பூரிலும், தியாகராயநகரிலும், அடையாறிலும் பெட்ரோல் பங்குகளில் விற்ற பெட்ரோலில் கூட அது கலந்திருந்தது. 2000-ம் ஆண்டில்தான் நம் நாட்டில் அது அடியோடு நின்றது.

ஏன் நிறுத்தினார்கள்? அந்த மருந்து ஒரு விஷம்!

சத்தம் வருவது ஏன்?

மிட்ஜ்லியின் கதைக்குப் போகும் முன், இந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று தெரிந்து கொள்வோம்.

கார் என்ஜினில் சிலிண்டர் என்ற குழாய் இருக்கிறது. அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் வரும். பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை நெருக்கும். அப்போது பிளக்கில் ஒரு தீப்பொறி பறக்கும். கலவை தீப்பிடிக்கும். பிளக்கின் பக்கத்தில் பிடித்த தீ, ஒழுங்காக மறுபக்கத்துக்குப் பரவும். அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே தள்ளப்படும். கார் ஓடும்.

தீபாவளிச் சரவெடியை நினைத்துப் பாருங்கள். திரியில் தீ வைத்தால், வெடிகள் ஒன்றன் பின் ஒன்றாக வெடித்துக் கொண்டே போகும். தீ போய்ச் சேரும் முன்பே கடைசி வெடிகள் எல்லாம் சூடு தாங்காமல் ஒரே நேரத்தில் வெடித்தால் எப்படி இருக்கும்?

என்ஜின் தட்டும்போது நடப்பது அதுதான். தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவை, நெருக்கமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடித்து விடுகிறது. அந்த அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதுகிறது. சுத்தியால் அடித்தது போல் கேட்கிறது. இப்படியே பலமாகத் தட்டிக் கொண்டிருந்தால் பிஸ்டனில் ஓட்டை விழும். என்ஜின் பாழாகும்.

கலவையை அதிகமாக நெருக்கினால், காருக்குச் சக்தி அதிகம் கிடைக்கும். பெட்ரோலும் மிச்சமாகும். ஆனால், அதிகமாக நெருக்கினால் என்ஜின் தட்டும். இதனால், சக்தி வாய்ந்த என்ஜின்களைச் செய்ய முடியாமல் நிபுணர்கள் விழித்தார்கள்.

பந்து விளையாட்டில் ஒரு தந்திரம்

தாமஸ் மிட்ஜ்லி, 1889-ம் ஆண்டு மே மாதம் 18-ந் தேதி அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள பீவர் பால்ஸ் என்ற ஊரில் பிறந்தார். ஒகையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகரில் வளர்ந்தார்.

புதிதாக எதையாவது கண்டுபிடிப்பது அவர்கள் குடும்பத்தில் பரம்பரை வழக்கம். தந்தை கார் டயர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். தாயின் தந்தை, மரம் அறுக்கும் ரம்பத்தில் புதுமை செய்தவர்.

பள்ளியில் படிக்கும்போது மிட்ஜ்லிக்கு பேஸ்பால் விளையாட்டில் மோகம். பந்தில் எச்சிலைத் தடவி எறிந்தால், அது காற்றில் வளைந்து போகும். எதை மென்றால் எச்சில் நன்றாக வழுக்கும் என்று அவர் தேடத் தொடங்கினார். ஒன்று மாற்றி ஒன்றாக மென்று பார்த்தார். கடைசியில் ஒரு வகை எல்ம் மரத்தின் பட்டை சரியாக இருந்தது. பிறகு பெரிய ஆட்டக்காரர்களும் அந்தப் பட்டையை மெல்லத் தொடங்கினார்கள்.

ஒன்று சரிப்படவில்லை என்றால் இன்னொன்று. அதுவும் இல்லை என்றால் மற்றொன்று. இந்தப் பிடிவாதம்தான் பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது.

1911-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் திருமணம் நடந்தது. தந்தையோடு சேர்ந்து டயர் வியாபாரம் செய்து பார்த்தார். அது சரிப்படவில்லை. 1916-ல் டேட்டன் என்ற ஊரில் ஒரு ஆராய்ச்சி சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

அந்த ஆராய்ச்சி சாலையின் தலைவர், சார்லஸ் கெட்டரிங். கைப்பிடியைச் சுற்றாமல், பொத்தானை அழுத்தியதும் காரைக் கிளப்பும் மின்சார ஸ்டார்ட்டரைக் கொண்டு வந்தவர் அவர்தான். அவருடைய கம்பெனி, கிராமத்து வீடுகளுக்கு விளக்கு எரிப்பதற்காகச் சிறு என்ஜின்களையும் விற்றது. மண்ணெண்ணெயில் ஓடும் அந்த என்ஜின்கள் பலமாகத் தட்டின. என்ஜின் தட்டுவதற்கு கெட்டரிங்கின் மின்சாரக் கருவிகளே காரணம் என்று போட்டிக்காரர்கள் குறை சொன்னார்கள்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கும் வேலை மிட்ஜ்லிக்குக் கொடுக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 27.

சிவப்பு இலையும் அயோடினும்

மிட்ஜ்லி முதலில் என்ஜினுக்கு உள்ளே எட்டிப் பார்க்க விரும்பினார். சிலிண்டரில் கண்ணாடி போன்ற ஒரு ஜன்னலைப் பொருத்தினார். தீ எரிவதைக் காமிராவில் படம் பிடித்தார். தீப்பொறி பறப்பதற்கு முன்னால் அல்ல, அதன் பிறகே அழுத்தம் திடீர் என்று எகிறுகிறது என்று கண்டார். எனவே குற்றம் மின்சாரக் கருவியில் இல்லை, எரிபொருளில்தான் இருக்கிறது!

இதில் ஒரு வேடிக்கை நடந்தது.

அமெரிக்காவில் ஒரு செடி உண்டு. பனிக்காலம் முடியும் முன்பே அது பூத்து விடும். அதன் இலையில் சிவப்பு நிறம் இருக்கும். சிவப்பு நிறம் சூட்டை விரைவாக இழுத்துக் கொள்வதால்தான் அது சீக்கிரம் பூக்கிறதோ என்று கெட்டரிங் நினைத்தார். எரிபொருளையும் சிவப்பாக்கினால், அது சூட்டை இழுத்துக் கொண்டு ஒழுங்காக எரியுமோ என்று இருவரும் பேசிக் கொண்டார்கள்.

மிட்ஜ்லி சிவப்புச் சாயம் தேடினார். அன்று சனிக்கிழமை, கடைகள் மூடியிருந்தன. ஆராய்ச்சி சாலையில் அயோடின் இருந்தது. அதை ஊற்றினால் சிவப்பு நிறம் வரும். எரிபொருளில் அயோடினைக் கலந்து என்ஜினை ஓட்டினார். என்ன ஆச்சரியம்! சத்தம் அடங்கி விட்டது!

அடுத்து, வேறு சிவப்புச் சாயங்களை வாங்கி வந்து கலந்தார். சத்தம் அடங்கவில்லை. நிறமே இல்லாத அயோடின் பொருள் ஒன்றைக் கலந்தார். சத்தம் அடங்கியது. அதாவது, சிவப்பு நிறத்துக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவர்கள் போட்ட கணக்கு தப்பு. கிடைத்த விடை சரி!

ஆனால் அயோடின் விலை அதிகம். உலோகத்தையும் அரிக்கும். எனவே தேடுதல் தொடர்ந்தது.

ஐந்து ஆண்டு தேடல்

கண்ணில் பட்ட பொருளை எல்லாம் மிட்ஜ்லி கலந்து பார்த்தார். 1919-ல் அனிலின் என்ற பொருள் சத்தத்தை அடக்கியது. ஆனால் புகை நாறியது.

செலினியம், டெலூரியம் என்ற பொருள்கள் இன்னும் நன்றாக வேலை செய்தன. ஆனால் அவற்றின் நாற்றம் பூண்டு நாற்றத்தையும் மிஞ்சியது! குளித்தாலும் போகவில்லை, துணியைத் துவைத்தாலும் போகவில்லை. மிட்ஜ்லியும் கூட வேலை செய்தவர்களும் மற்றவர்கள் பக்கத்தில் போக முடியாமல் தவித்தார்கள்.

பிறகு மிட்ஜ்லி கண்டபடி தேடுவதை நிறுத்தினார். உலகில் உள்ள மூலப்பொருள்களை எல்லாம் வரிசைப்படுத்திய ரசாயனப் பட்டியல் ஒன்று உண்டு. அதை எடுத்து வைத்துக் கொண்டு, எந்தப் பொருள் எவ்வளவு வேலை செய்கிறது என்று குறித்தார். வரிசையில் கீழே போகப் போக, சத்தத்தை அடக்கும் சக்தி கூடுவது தெரிந்தது. ஒரு வரிசையின் அடியில் இருந்தது, காரீயம்.

நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வேறு. அது வெள்ளீயம். இது, அச்சு எழுத்துகளும் துப்பாக்கிக் குண்டும் வார்க்கப் பயன்பட்ட கறுத்த ஈயம்.

1921-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ந் தேதி, காரீயத்தில் இருந்து செய்த ஒரு திரவத்தை எரிபொருளில் கலந்தார்கள். அதன் பெயர் டெட்ரா எத்தில் லெட். தட்டிக் கொண்டிருந்த என்ஜின் உடனே அமைதியாக ஓடியது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஒரு தேக்கரண்டி கூட வேண்டாம். நாற்றமும் இல்லை. செலவும் குறைவு.

1923-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் டேட்டன் நகரில் ஒரு பெட்ரோல் பங்கில் இந்தப் புதிய பெட்ரோலின் விற்பனை தொடங்கியது. அதற்கு எத்தில் என்று பெயர் சூட்டினார்கள். பெயரில் காரீயம் என்ற சொல்லே இல்லை! அதே ஆண்டு மே மாதம், இண்டியானாபோலிஸ் நகரில் நடந்த புகழ் பெற்ற கார் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களைப் பிடித்த கார்களும் இந்தப் பெட்ரோலில் ஓடியவை.

கைவிட்ட வழி

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும்.

சத்தத்தை அடக்க வேறு ஒரு பொருள் இருப்பது மிட்ஜ்லிக்கு முன்பே தெரியும். அதுதான் ஆல்கஹால். கரும்பு, சோளம் போன்றவற்றில் இருந்து எடுக்கலாம். 1921-ல் ஆல்கஹால் கலந்த எரிபொருளை ஊற்றி, நெருக்கம் அதிகமான என்ஜின் வைத்த காரை அவரே ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

அப்படி இருக்க, அதை ஏன் கைவிட்டார்கள்?

ஆல்கஹாலை யார் வேண்டுமானாலும் காய்ச்சலாம். அதற்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. அதிக அளவில் கலக்கவும் வேண்டும். காரீய மருந்துக்கோ உரிமை வாங்கலாம். ஒரு சில துளிகள் போதும். விற்கிற ஒவ்வொரு காலனுக்கும் லாபம் வரும்.

மிட்ஜ்லி வேலை பார்த்த ஆராய்ச்சி சாலை, அதற்குள் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் கைக்கு வந்திருந்தது. 1924-ல் ஜெனரல் மோட்டார்சும், நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனியும் சேர்ந்து எத்தில் கம்பெனியைத் தொடங்கின. கெட்டரிங் தலைவர், மிட்ஜ்லி உதவித் தலைவர்.

உடம்பு சொன்ன எச்சரிக்கை

காரீயம் விஷம் என்பது அப்போது உலகம் அறிந்த உண்மை. ரோமாபுரிக் காலத்திலேயே அறிஞர்கள் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். அச்சுக்கூடங்களில் காரீய எழுத்துகளைக் கையாண்ட தொழிலாளர்களுக்கு வயிற்று வலியும், கை விழுந்து போகும் நோயும் வந்தது உண்டு.

விற்பனை தொடங்கும் முன்பே, 1922-ல், பல விஞ்ஞானிகள் மிட்ஜ்லியை எச்சரித்துக் கடிதம் எழுதினார்கள். அமெரிக்க சர்க்காரின் தலைமை மருத்துவ அதிகாரியும், இது மக்களின் உடல்நலத்தைக் கெடுக்குமா என்று கேட்டு எழுதினார். சோதனை எதுவும் செய்து பார்க்கவில்லை என்று மிட்ஜ்லி ஒப்புக் கொண்டார். ஆனால், சாதாரணத் தெருவில் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குத்தான் காரீயம் இருக்கும் என்று பதில் சொன்னார்.

1923-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அவருக்கே உடம்பு கெட்டது. காரீயம் நுரையீரலைப் பாதித்திருந்தது. வேலையை விட்டு விட்டு, நல்ல காற்று வாங்குவதற்காகப் புளோரிடா மாநிலத்துக்குப் போனார். உடம்பு தேறியதும் திரும்பி வந்து அதே வேலையைத் தொடர்ந்தார்.

1924-ல் டேட்டன் தொழிற்சாலையில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். வேறு ஒரு தொழிற்சாலையில், தொழிலாளர்களின் புத்தி தடுமாறியது. இல்லாத பூச்சிகள் கண் முன்னே பறப்பதாக நினைத்து, அவற்றைக் கையால் விரட்டினார்கள். வண்ணத்துப்பூச்சி வீடு என்று அந்தக் கட்டிடத்துக்குப் பெயரே வந்து விட்டது.

அக்டோபர் மாதம் நியூஜெர்சியில் உள்ள பேவே தொழிற்சாலையில் பெரிய விபரீதம் நடந்தது. டெட்ரா எத்தில் லெட் தோல் வழியாகவே உடம்புக்குள் புகக் கூடியது. அங்கு வேலை செய்தவர்களில் 30-க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். சிலர் வெறி பிடித்தவர்கள் போல் ஆனார்கள். 5 பேர் அடுத்தடுத்து இறந்தார்கள்.

பத்திரிகைகளில் செய்தி கொட்டை எழுத்தில் வந்தது. நியூயார்க் நகரில் அந்தப் பெட்ரோலுக்குத் தடை போட்டார்கள்.

அக்டோபர் 30-ந் தேதி மிட்ஜ்லி பத்திரிகை நிருபர்களைக் கூட்டினார். அந்தத் திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்துக் காட்டினார். புட்டியை மூக்கருகில் பிடித்து, ஒரு நிமிடம் முகர்ந்து காட்டினார். தினமும் இப்படிச் செய்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னார்.

ஒன்றே முக்கால் ஆண்டுக்கு முன் அதே காரீயத்தால் படுத்தவர் அவர்!

வாஷிங்டன் கூட்டம்

1925-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, அமெரிக்க சர்க்கார் வாஷிங்டனில் ஒரு கூட்டம் கூட்டியது. கம்பெனிக்காரர்களும் மருத்துவர்களும் தொழிலாளர் பிரதிநிதிகளும் வந்தார்கள்.

அவர்களில் ஒரு பெண்மணி, டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். ஹார்வார்டு பல்கலைக்கழகத்தில் முதன்முதலாக ஆசிரியப் பதவி பெற்ற பெண் இவர்தான். தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய், காரீய நோயை ஆராய்ந்தவர். தொழிற்சாலைக்குள்ளே காரீயத்தைக் கட்டுப்படுத்தலாம். தெருவெல்லாம் பரப்பி விட்டால் யாரால் கட்டுப்படுத்த முடியும் என்பது அவர் வாதம். யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாண்டெல் ஹெண்டர்சனும் அவர் பக்கம் நின்றார். நோய் ஒரே நாளில் தெரியாது, மெல்ல மெல்லப் பரவும் என்று அவர் எச்சரித்தார்.

விற்பனை நிறுத்தி வைக்கப்பட்டது. நிபுணர் குழு ஒன்று சில மாதங்கள் ஆராய்ந்தது. தடை செய்வதற்குப் போதிய காரணம் இல்லை என்று 1926-ல் அறிக்கை கொடுத்தது. ஆனால், கார்கள் பெருகும்போது ஆபத்து வரலாம், ஆகையால் தொடர்ந்து ஆராய வேண்டும் என்றும் எழுதியது.

முதல் பகுதியைப் பிடித்துக் கொண்டார்கள். விற்பனை மீண்டும் தொடங்கியது. இரண்டாவது பகுதியை மறந்து விட்டார்கள். அடுத்த சுமார் 40 ஆண்டுகளுக்கு, காரீயப் பெட்ரோலைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் கம்பெனிகளின் பணத்திலேயே நடந்தது.

அந்தப் பெட்ரோலால் லாபம் கம்பெனிகளுக்கு மட்டும் அல்ல. சிறிய என்ஜினில் பெரிய சக்தி கிடைத்தது. இரண்டாவது உலக யுத்தத்தில், நேசநாடுகளின் போர் விமானங்கள் இந்த மருந்து கலந்த உயர்ந்த ரகப் பெட்ரோலில்தான் பறந்தன.

குளிர் பெட்டியும் கடைசி நாளும்

மிட்ஜ்லி அத்தோடு நிற்கவில்லை. அந்தக் காலத்துக் குளிர் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக வாயு போன்றவை இருந்தன. அவை கசிந்தால் உயிருக்கு ஆபத்து. 1928-ல் மிட்ஜ்லியும் கூட வேலை செய்தவர்களும், எரியாத, நஞ்சு இல்லாத ஒரு வாயுவை உண்டாக்கினார்கள். அதுதான் பிரியான். 1930-ல் விஞ்ஞானிகள் கூட்டத்தில், மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்த வகை வாயு வானத்துக்குப் போய், சூரியனின் கடுமையான கதிர்களில் இருந்து நம்மைக் காக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்பது 1974-ல்தான் தெரிய வந்தது. 1987-ல் மாண்ட்ரியல் நகரில் உலக நாடுகள் கூடி, அதைக் குறைக்க ஒப்பந்தம் செய்தன. பிரியான் விஷயத்தில் மிட்ஜ்லியை யாரும் முன்கூட்டி எச்சரிக்கவில்லை. காரீய விஷயத்தில் எச்சரித்தார்கள். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை அதுதான்.

பரிசுகள் குவிந்தன. பெர்கின் பதக்கம், பிரீஸ்ட்லி பதக்கம், கிப்ஸ் பதக்கம் எல்லாம் கிடைத்தன. 1944-ல் அமெரிக்க ரசாயனச் சங்கத்தின் தலைவர் ஆனார்.

ஆனால் 1940-ல், 51-வது வயதில், அவரை இளம்பிள்ளை வாதம் தாக்கியிருந்தது. கால்கள் செயல் இழந்தன. படுக்கையில் இருந்து எழுந்திருக்க, கயிறும் கப்பியும் வைத்து அவரே ஒரு கருவி செய்து கொண்டார்.

1944-ம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ந் தேதி, அந்தக் கயிறு கழுத்தை இறுக்கி, மூச்சு முட்டி இறந்து கிடந்தார். அப்போது அவருக்கு வயது 55.

பால் பல்லில் காரீயம்

மிட்ஜ்லி போய் விட்டார். அவருடைய மருந்து போகவில்லை. யுத்தத்துக்குப் பிறகு கார்கள் பெருகின. ஒவ்வொரு காரும் புகையோடு காரீயத்தைக் கக்கியது.

கிளேர் பேட்டர்சன் என்ற விஞ்ஞானி, பூமியின் வயதைக் கணக்கிட முயன்றார். அதற்குக் கல்லில் உள்ள காரீயத்தை நுட்பமாக அளக்க வேண்டும். அளவு சரியாகவே வரவில்லை. எங்கிருந்தோ காரீயம் வந்து கலந்து கொண்டே இருந்தது. மேஜையில், காற்றில், கையில், தலைமுடியில் எங்கும் காரீயம்! தூசியே நுழைய முடியாத தனி அறை கட்டிக் கொண்டுதான் அவர் ஆராய்ச்சியை முடித்தார். பூமியின் வயது 455 கோடி ஆண்டுகள் என்று கண்டுபிடித்தார்.

அந்தக் காரீயம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. கிரீன்லாந்தின் பழைய பனிக்கட்டியையும் புதிய பனிக்கட்டியையும் வெட்டி எடுத்துச் சோதித்தார். பழைய பனியில் காரீயம் மிகக் குறைவு. புதிய பனியில் பல மடங்கு அதிகம்! 1965-ல் அவர் இதை வெளிப்படையாக எழுதினார். எண்ணெய்க் கம்பெனிகள் அவருக்குக் கொடுத்து வந்த பண உதவி நின்றது. அவர் அசையவில்லை.

1979-ல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற டாக்டர், பள்ளிக் குழந்தைகளின் விழுந்த பால் பற்களைச் சேகரித்துச் சோதித்தார். பல்லில் காரீயம் அதிகம் இருந்த குழந்தைகள், பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருந்தார்கள். ஆனால் புத்திப் பரீட்சையில் பின்தங்கினார்கள். பாடத்தில் கவனம் செலுத்த முடியாமல் தவித்தார்கள்.

அமெரிக்கா படிப்படியாகக் காரீயத்தைக் குறைத்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில், அங்குள்ள மக்களின் ரத்தத்தில் இருந்த காரீயம் முக்கால் பங்குக்கு மேல் குறைந்து விட்டது.

சென்னையில் என்ன நடந்தது?

1995-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் முதல் தேதி, சென்னை, பம்பாய், கல்கத்தா, டெல்லி ஆகிய 4 நகரங்களில் காரீயம் இல்லாத பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. புகையைச் சுத்தம் செய்யும் கருவி பொருத்திய புதிய கார்களுக்காக அது வந்தது. காரீயம் பட்டால் அந்தக் கருவி கெட்டு விடும். 2000-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் தேதியில் இருந்து, நாடு முழுவதும் காரீயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது.

ஆனால், காரீயம் மக்கிப் போகிற பொருள் அல்ல. விழுந்த மண்ணிலேயே கிடக்கும். பழைய பெயிண்ட், பேட்டரி உருக்கும் இடங்கள் இவற்றில் இருந்தும் வரும். சென்னைப் பள்ளிகளில் 3 வயது முதல் 7 வயது வரை உள்ள 750-க்கும் அதிகமான குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, ஓர் ஆராய்ச்சி 2009-ல் வெளியானது. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருந்தது. அப்போது எச்சரிக்கை எல்லையாகக் கருதப்பட்ட அளவே 10-தான்! காரீயம் அதிகம் இருந்த குழந்தைகளிடம் கவனக் குறைவும் மனக் கலக்கமும் அதிகம் காணப்பட்டன.

உலகத்தில் கார்களுக்குக் காரீயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடு அல்ஜீரியா. 2021-ம் ஆண்டு ஜூலை மாதம் அங்கும் நின்றது. டேட்டன் பங்கில் முதல் காலன் விற்று 98 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று சத்தத்தை அடக்குவது எப்படி?

காரீயம் இல்லாமல் இப்போது என்ஜின் தட்டவில்லையா? தட்டாமல் இருக்க வேறு வழிகள் வந்து விட்டன.

பெட்ரோலைச் சுத்திகரிக்கும்போதே, சூட்டைத் தாங்கும் ரகமாக மாற்றி விடுகிறார்கள். அதோடு, நம் நாட்டில் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். 2025-ல் இந்தக் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. எத்தனால் என்பது என்ன? மிட்ஜ்லி தெரிந்தே கைவிட்ட அதே ஆல்கஹால்தான்!

மூன்றாவது வழி, என்ஜினுக்கு வைத்திருக்கும் காது. இன்றைய கார்களில் ஒரு சிறு கருவியை என்ஜினில் திருகி வைத்திருக்கிறார்கள். என்ஜின் லேசாகத் தட்டினாலும் அந்த அதிர்ச்சியை அது உணர்ந்து, காரில் உள்ள கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் உடனே தீப்பொறியைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். சத்தம் நம் காதுக்கு எட்டும் முன்பே அடங்கி விடும்.

டர்போ வைத்த என்ஜினுக்கு இந்தக் காது மிக முக்கியம். டர்போ, சிலிண்டருக்குள் காற்றை அமுக்கித் திணிக்கிறது. காற்று அதிகம் என்றால் நெருக்கமும் சூடும் அதிகம். வேகத்துக்கு ஆசைப்பட்டு, கம்ப்யூட்டரின் அளவுகளை மாற்றி, டர்போவை இன்னும் அழுத்துகிறவர்கள் உண்டு. பனி பெய்யும் நாடுகளில், பனியின் மேல் ஓட்டும் வண்டிகளில் கூட இப்படிச் செய்கிறார்கள். அந்த வண்டிகளில்தான் என்ஜின் தட்டுகிறது என்ற எச்சரிக்கை அடிக்கடி வருகிறது.

எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்? முதலில் ஆக்சிலேட்டரை விட்டு, வேகத்தைக் குறைக்க வேண்டும். பிறகு, ஊற்றிய பெட்ரோல் கம்பெனி சொன்ன ரகம்தானா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் வரும் வழி அடைத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடு ஏறும். கரி படிந்திருந்தாலும், தவறான பிளக் போட்டிருந்தாலும், உள்ளே போகும் காற்று சூடாக இருந்தாலும் தட்டும். எங்காவது போல்ட் தளர்ந்து ஆடினால், அந்தக் கருவி அதையும் தட்டுவதாக எண்ணி ஏமாறுவது உண்டு. இவற்றை எல்லாம் பார்த்த பிறகும் தட்டினால், மாற்றிய அளவுகளைப் பழையபடி வைப்பதே நல்லது. வயரைக் கழற்றி விட்டால் எச்சரிக்கை நிற்கும். பிஸ்டன் உடைவது நிற்காது!

மிட்ஜ்லி கொடியவர் அல்ல. உழைப்பாளி, திறமைசாலி. ஒரு சிறு தட்டல் கேட்டாலும், அதன் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை தூங்காதவர். அவருடைய சொந்த நுரையீரல் எச்சரித்தது. இறந்து போன தொழிலாளர்கள் எச்சரித்தார்கள். ஆலிஸ் ஹாமில்டன் நேரில் எச்சரித்தார். என்ஜினுக்குக் கொடுத்த காதை, அவர் இவர்களுக்குக் கொடுக்கவில்லை. அதற்கு உரிய விலையை, அவர் பெயரையே கேள்விப்படாத குழந்தைகள் கொடுத்தார்கள்.